ரேவர்ட்டியின் 1862 ஆஃப்கன் கவிதைத் தொகுப்பு: வாங்கலாமா, எந்தப் பதிப்பு, எங்கிருந்து படிப்பது?

பஷ்தூன் தலைவர்கள் எழுதிய கவிதையை ஆங்கிலம் வழியாகப் படிக்க ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்றால் இன்றும் ஹென்றி ஜார்ஜ் ரேவர்ட்டியின் 'செலெக்‌ஷன்ஸ் ஃப்ரம் த போயட்ரி ஆஃப் தி ஆஃப்கான்ஸ்' தொகுப்பைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 1862இல் லண்டனில் வில்லியம்ஸ் அண்ட் நார்கேட் வெளியிட்டது. கிட்டத்தட்ட 350 பக்கம். ரேவர்ட்டி பம்பாய்ப் படையில் சுதேசிக் காலாட்படை அதிகாரி. பஷ்தோவுக்கு இலக்கணமும் அகராதியும் எழுதியவர், அதனால் மொழி தெரியாமல் கை வைத்த ஆள் இல்லை. தகவலுக்கு நம்பி வாங்கலாம். கவிதைச் சுவைக்கு மட்டும் என்றால் பாதிதான் தேறும். இன்று விற்கிற மறுஅச்சுகளில் பல, காசுக்குப் பிடித்த கேடு. மூன்றையும் தனித்தனியே பார்த்துவிடலாம்.

உள்ளே ஒன்பது கவிஞர்கள். ரஹ்மான் பாபா, மிர்ஸா கான் அன்சாரி, அப்துல் ஹமீத், குஷால் கான் கட்டக், அவர் மகன்கள் அஷ்ரஃப் கானும் அப்துல் காதிர் கானும், அகமது ஷா அப்தாலி, குஷாலின் கொள்ளுப்பேரன் காஸிம் கான் ஷைதா, கடைசியாக பங்கஷ் குலத்து க்வாஜா முகமது. ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு வாழ்க்கைக் குறிப்பு, பிறகு கவிதைகள், அடியில் குறிப்புகள். புத்தகத்தின் தொடக்கத்தில் சூஃபி நெறி பற்றி நீளமான முன்னுரை. பஷ்தோ மூலம் இதில் கிடையாது. அதற்கு ரேவர்ட்டியே 1860இல் கொண்டுவந்த 'குல்ஷனே ரோஹ்' என்ற மூலத் தொகுப்பைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் முழு செட்.

'அரசர்கள் எழுதிய கவிதை' என்ற ஆசையில் வாங்குகிறவர் முதலிலேயே ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒன்பது பேரில் அரியணை ஏறியவர் ஒருவர்தான், அகமது ஷா. மற்றபடி நான்கு பேர் ஒரே கட்டக் வீட்டுக்காரர்கள். அந்த வீடு அரசவை அல்ல. அட்டோக்கிலிருந்து பெஷாவர் போகும் பாதையைக் காப்பதும் அதில் சுங்கம் வசூலிப்பதும்தான் அக்பர் காலத்தில் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த பொறுப்பு. குஷால் 1641இல், தந்தை ஷாபாஸ் கான் இறந்தபின், அந்தப் பொறுப்புக்கு வந்தார். ஷாஜகானுக்கு விசுவாசமாகப் போர் செய்தார். ஔரங்கசீப் ஆட்சியில் 1664இல் கைதாகி, ராஜஸ்தானத்து ரந்தம்போர் கோட்டையில் அடைபட்டார். ஊர் திரும்பியபின் அஃப்ரீதி குலத்தாரோடு சேர்ந்து முகலாயருக்கு எதிராக வாள் எடுத்தார். 1674இல் ஔரங்கசீப்பே ஹசன் அப்தால் வரை வந்து முகாம் போட வேண்டியிருந்தது. முகலாயருடன் சேர்ந்துகொண்டு குஷாலுக்கு எதிராக நின்றவர் அவருடைய சொந்த மகன் பஹ்ராம். 1689இல் குஷால் இறந்தது சொந்த வீட்டில்கூட இல்லை.

அரசவையில் என்ன நடந்தது என்று கேட்டால், அங்கே பாரசீகம் நடந்தது. அகமது ஷாவின் மகன் தைமூர் ஷா தலைநகரை காந்தஹாரிலிருந்து காபூலுக்கு மாற்றினார், கவிதையும் பாரசீகத்தில் எழுதினார். பேரன் ஷா ஷுஜாவும் அப்படியே. பஷ்தோ வளர்ந்தது தர்பாரில் அல்ல, சிறையிலும் மலைக்கணவாயிலும் தர்காவிலும்தான். ரேவர்ட்டி இதை எங்கும் வாதமாக எழுதவில்லை. ஆனால் அவர் தந்திருக்கும் வாழ்க்கைக் குறிப்புகளை வரிசையாகப் படித்தால் இது தானாகவே தெரிந்துவிடும். இந்தப் புத்தகத்தின் பெரிய பலமே அந்தக் குறிப்புகள்.

குஷாலின் பகுதியில் தவறவிடக் கூடாத கவிதை, காற்றைத் தூது விடும் சிறைக் கவிதை. கைராபாத் வழியாகப் போனால், ஸராய் ஊர் ஆற்றங்கரை வழியாகப் போனால், என் வணக்கத்தைச் சொல் என்று காற்றிடம் தொடங்குகிறார். அடுத்து வரும் இடம்தான் விசேஷம். அபாசிந்திடம் உரக்கக் கூவிச் சொல், லண்டையிடம் மெல்லக் காதோடு சொல் என்கிறார். வரைபடம் இல்லாமல் படித்தால் இது வெறும் அலங்காரம். அட்டோக்குக்கு நேர் எதிர்க்கரையில் இருப்பது கைராபாத். ஸராய் என்பது குஷாலின் ஊரான அகோரா. அபாசிந்து என்பது சிந்து நதி. அந்த இடத்தில் பாறைகளுக்கு நடுவே நெருங்கி இரைந்து ஓடுகிறது, கத்தினால்தான் கேட்கும். லண்டை என்பது அகோராவை ஒட்டிப் போகும் காபூல் நதி, அமைதியானது. அட்டோக் அருகில் இரண்டும் கலக்கின்றன. காற்று கிழக்கிலிருந்து ஊருக்குப் போகும் வழியில் எந்த நதியை முதலில் கடக்கும் என்பதுவரை கவிதையில் சரியாக இருக்கிறது. இன்னொரு முறை உன் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துவைத்திருக்குமோ என்னவோ, நான் முன்பு கங்கைக் கரையிலோ யமுனைக் கரையிலோ குடியிருந்தவன் அல்ல என்று லண்டையிடம் சொல்லச் சொல்கிறார். அதன்பின் இந்துஸ்தானத்துத் தண்ணீரைத் திட்டித் தீர்க்கிறார்: ஓடையில் குடித்தால் குடலைப் பிடுங்குகிறது, கிணற்றிலும் ஆபத்து, மலை ஊற்றின் குளிர்ந்த நீர் இல்லாத ஊரில் உலகத்துச் சுகமெல்லாம் இருந்தாலும் எனக்கு வேண்டாம். தண்ணீர் சேராமல் வயிறு கெட்ட ஒரு கைதியின் குரல் அது. ஆற்றையும் ஊரையும் விளக்கும் அடிக்குறிப்பைத் தாண்டிப் போனால் இதில் பாதி போய்விடும்.

இன்னொன்று வசந்தக் கவிதை. பூக்கள், செடிகள், பறவை, பெண்கள் என்று வழக்கமான வசந்த வர்ணனையாகத் தொடங்கும். படிப்பவர் 'சரி, இதுவும் அதே கஜல்தான்' என்று நினைக்கும்போது அஃப்ரீதி, மொஹ்மந்த், ஷின்வாரி என்று குலப்பெயர்கள் வர ஆரம்பிக்கும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் போர்களின் கணக்கு. காபூல் ஆளுநர் முகமது அமீன் கானின் படை 1672இல் கைபர் கணவாயில் அழிந்தது அதில் முதலாவது. கடைசியில் கோபம் திரும்புவது முகலாயர் பக்கம் இல்லை, ஒன்றுசேராத யூசுஃப்ஸய் போன்ற பஷ்தூன் குலங்கள் பக்கம். வசந்தம் அந்தக் கவிதையில் படை திரட்டும் பருவம். இதைக் காதல் கவிதைத் தொகுப்புகளில் முதல் சில அடிகளோடு நிறுத்திப் போடுவது உண்டு, அப்படிப் பார்த்தால் நம்ப வேண்டாம்.

அஷ்ரஃப் கானின் பகுதி சிறியது, ஆனால் கனம் அதிகம். தந்தைக்குப் பின் தலைவரான மூத்த மகன். தம்பி பஹ்ராமின் துரோகத்தால் முகலாயரிடம் சிக்கி, கடைசியில் தக்காணத்து பிஜாப்பூரில் காவலிலேயே 1694இல் இறந்தார். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் ஹிஜ்ரி. ஹிஜ்ர் என்றால் பிரிவு. சூஃபிக் கவிதையில் பிரிவு என்றால் இறைவனைப் பிரிந்த ஆன்மாவின் ஏக்கம் என்றுதான் எடுத்துக்கொள்வது வழக்கம். ரேவர்ட்டியும் முன்னுரையில் அந்தப் பாடத்தைத்தான் நடத்துகிறார். ஆனால் அஷ்ரஃபிடம் பிரிவு என்றால் அகோராவுக்கும் பிஜாப்பூருக்கும் நடுவே இருக்கிற மைல் கணக்கு. முன்னுரையை முதலில் படித்துவிட்டு இவரைப் படித்தால் எல்லாவற்றையும் ஞானமாக்கிவிடும் அபாயம் உண்டு.

அகமது ஷாவின் பகுதி ஏமாற்றம் தரும், அதைச் சொல்லிவிட வேண்டும். 1747இல் காந்தஹாரில் முடிசூடி, 1761இல் பானிபட்டில் வென்ற மனிதரிடம் போர்ப்பாட்டு இருக்கும் என்று திறந்தால், இருப்பது காதலும் இறைபக்தியும் கலந்த கஜல்கள். டெல்லி அரியணையை மறந்துவிடுகிறேன், என் அழகிய பக்தூன்க்வாவின் (பஷ்தூன் நாட்டின்) மலைமுகடுகள் நினைவுக்கு வரும்போது என்று இன்று ஆஃப்கானியர் எல்லோரும் மேற்கோள் காட்டும் பாட்டு அவர் பெயரில் வழங்குகிறது. அந்த அகமது ஷாவைத் தேடுகிறவர்களுக்கு அவருடைய திவான்தான், அதாவது அவர் கவிதைகளின் முழுத்தொகுப்புதான் வழி. அப்துல் ஹை ஹபீபி அதை 1940இல் காபூலில் பதிப்பித்தார், பஷ்தோவில். கவிஞராகத் தரம் பார்த்தால் குஷாலுக்குப் பக்கத்தில் இவரை வைக்க முடியாது. ஒரு பேரரசர் தன் அவை மொழியை விட்டுத் தாய்மொழியில் எழுதினார் என்பதற்காகத்தான் இந்தப் பக்கங்களுக்கு மதிப்பு.

இனி மொழிபெயர்ப்பு. ரேவர்ட்டி வரிக்கு வரி, சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறார். எதுகை கிடையாது, சந்தம் கிடையாது. விக்டோரியக் காலத்துப் பழைய ஆங்கிலம் வேறு. பொருளை அப்படியே பிடிக்க இது வசதி, மூலத்தோடு ஒப்பிடவும் வசதி. நஷ்டம் எங்கே என்றால் கஜலின் ரதீஃபில். ரதீஃப் என்பது ஒவ்வொரு ஈரடியின் முடிவிலும் மாறாமல் திரும்பி வரும் சொல். பஷ்தோவில் வினை கடைசியில் வருவதால், பல கஜல்களில் அந்தத் திரும்பி வரும் சொல் வினையாகவே அமைந்துவிடும். ஆங்கிலத்தில் வினை நடுவுக்குப் போய்விடும். பத்து ஈரடியிலும் முடிவில் முரசு மாதிரி விழ வேண்டிய சொல், பத்து வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும். படிக்கிறவருக்கு 'ஒரே விஷயத்தை ஏன் சுற்றிச் சுற்றிச் சொல்கிறார்' என்று அலுப்புத் தட்டுவது அதனால்தான், கவிஞரால் அல்ல. (தமிழிலும் வினை கடைசியில்தான். யாராவது மூலத்திலிருந்து நேரே தமிழாக்கினால் இந்த நஷ்டம் பெருமளவு குறையும். பஷ்தோவின் கடந்தகால வினையில் ஆண்பால் பெண்பால் தெரியும், ஆங்கிலத்தில் அது மறையும், தமிழில் மறைய வேண்டியதில்லை.)

சந்தமும் அப்படியே. பஷ்தோ யாப்பு பாரசீகத்தின் குறில் நெடில் கணக்கில் ஓடுவதல்ல. அசை எண்ணிக்கையிலும் அழுத்தத்திலும் ஓடுவது. பெரும்பாலும் நான்கு அசைக்கு ஒருமுறை அழுத்தம் விழும். இங்கே அசை என்றால் நம் நேரசை நிரையசை இல்லை, ஒரு உயிர் ஒலித்தால் ஒரு அசை, அவ்வளவுதான். 'குல்ஷனே ரோஹ்' மூலத்தை வைத்துக்கொண்டு, பாடிய பதிவு எதையாவது கேட்டபடி விரலால் எண்ணிப் பார்த்தால் பிடிபட்டுவிடும். ரேவர்ட்டியின் ஆங்கிலத்தில் எண்ண ஒன்றும் இல்லை.

குஷாலை மட்டும் நன்றாகப் படிக்க விரும்புகிறவர் ரேவர்ட்டியோடு நிற்க வேண்டாம். டி. என். மெக்கென்ஸி 1965இல் கொண்டுவந்த குஷால் திவான் தேர்வுதான் அடுத்த படி. மெக்கென்ஸி மொழியியலாளர், பஷ்தோ யாப்பைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர், ஆங்கிலமும் இந்தக் காலத்து ஆங்கிலம். 1963இல் ஈவ்லின் ஹோவலும் ஓலஃப் கேரோவும் சேர்ந்து வெளியிட்ட தேர்வு ஒன்றும் உண்டு. இருவரும் எல்லைப்புற மாகாணத்தில் பதவி வகித்த பிரிட்டிஷ் அதிகாரிகள், கேரோ ஆளுநராகவே இருந்தவர். நிலமும் குலமும் அவர்களுக்கு அத்துபடி, ஆனால் பஷ்தூனை வீரப் பாத்திரமாகப் பார்க்கும் அதிகாரிக் கண் கூடவே வரும். குஷாலின் முழுத்தொகுப்பை 1952இல் பெஷாவரில் பதிப்பித்த தோஸ்த் முகமது கான் காமில், இவர்களுக்கு மறுப்பாக 1968இல் ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். ஹோவல், கேரோ நூலை வாங்கினால் காமிலின் மறுப்பையும் தேடிப் பிடித்துச் சேர்த்துப் படிப்பதுதான் நியாயம். ரஹ்மான் பாபாவுக்கு 2005இல் பெஷாவரிலேயே ராபர்ட் சாம்ப்ஸனும் மோமின் கானும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு இருக்கிறது. அவர் தலைவரும் அல்ல, அரசரும் அல்ல, ஆனாலும் பஷ்தூன் வீடுகளில் குஷாலைவிட அதிகம் வாயில் புழங்குகிறவர் அவர்தான்.

ரேவர்ட்டியிடம் சுத்தமாக இல்லாதது லண்டை என்ற ஈரடி நாட்டுப்பாட்டு. காபூல் நதிக்குச் சொன்ன அதே சொல்தான், குட்டை என்று பொருள். முதல் அடி 9 அசை, இரண்டாம் அடி 13 அசை, ஆசிரியர் பெயர் கிடையாது, பெரும்பகுதி பெண்கள் வாயிலிருந்து வந்தவை. ஏட்டில் எழுதப்பட்ட திவான்களை மட்டும் கணக்கில் எடுத்ததால் ரேவர்ட்டிக்கு அது கண்ணில் படவில்லை. தலைவர்களின் கவிதையை மட்டும் படித்துவிட்டு பஷ்தோக் கவிதை இவ்வளவுதான் என்று முடிவு கட்டினால் தப்பு.

பழைய புத்தகமாக இருப்பதில் ஒரு எதிர்பாராத லாபமும் உண்டு. பிற்காலத்து அறிமுக நூல்கள் பல, பஷ்தோக் கவிதையை 8ஆம் நூற்றாண்டில் கோர் நாட்டு ஆட்சியாளர் அமீர் க்ரோரிலிருந்து தொடங்குகின்றன. அதற்கு ஆதாரம் 'பட்ட கஸானா' என்ற நூல். காந்தஹாரில் ஹோத்தக் மன்னர் ஷா ஹுசைன் காலத்தில், 1729 வாக்கில் தொகுக்கப்பட்டதாகச் சொல்லி 1944இல் ஹபீபி வெளியிட்டார். அதன் எழுத்துமுறையும் சொற்களும் அந்தக் காலத்துக்குப் பொருந்தவில்லை என்று மெக்கென்ஸி உட்படப் பலர் சந்தேகம் எழுப்பினர். இன்றுவரை வழக்கு முடியவில்லை. ரேவர்ட்டி 1862இல் எழுதியதால் இந்தச் சிக்கலே அவருக்கு இல்லை, 16ஆம் நூற்றாண்டிலிருந்துதான் தொடங்குகிறார். வேறு அறிமுக நூல் வாங்கும்போது முதல் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். அமீர் க்ரோரைப் பற்றி ஒரு சந்தேகக் குறிப்புகூட இல்லாமல் எழுதியிருந்தால், மற்றத் தேதிகளையும் சரிபார்த்துத்தான் நம்ப வேண்டும்.

இப்போது வாங்கும் கதை. புத்தகத்தின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் இலவசமாகக் கிடைக்கிறது. தாள் புத்தகம்தான் வேண்டும் என்றால் இணையக் கடைகளில் இரண்டு வகை விற்கிறது. ஒன்று, பழைய பக்கத்தைப் படமெடுத்து அப்படியே அச்சடித்தது. இன்னொன்று, கணினியை வைத்துப் படித்து, புதிதாக எழுத்துக் கோத்தது. இரண்டாவது வகையைத் தொடவே வேண்டாம். ரேவர்ட்டி பெயர்களுக்கெல்லாம் மேல்கோடு, கீழ்ப்புள்ளி போடுகிறவர், அரபு ஐன் எழுத்துக்கு இரட்டை உயிரெழுத்துக் கூட்டு ஒன்றை வைத்திருக்கிறார். கணினி அதைத் தாறுமாறாகப் படித்து, அப்துர் ரஹ்மானின் முதல் எழுத்தையே சிதைத்துவிடும். அதைவிட மோசம், அடிக்குறிப்பு கவிதைக்குள் ஏறிவிடுவது. லண்டை நதியைப் பற்றிய விளக்கம் கவிதையின் அடுத்த அடி போல நிற்கும், பக்கத் தலைப்பு நடுவில் புகுந்து நிற்கும். கவிஞர் புதுமையாக எழுதியிருக்கிறார் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வாங்குவதற்கு முன் முன்னோட்டத்தில் குஷால் பகுதியின் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறக்கவும். அடிக்குறிப்பு சின்ன எழுத்தில் பக்கத்தின் அடியில் இருக்கிறதா, பெயர்களின் மேல்கோடு நிற்கிறதா என்று பார்த்தால் போதும். முன்னோட்டமே இல்லை என்றால் வாங்காதீர்கள். பட அச்சிலும் கட்டும் ஓரம் பக்கம் எழுத்து வெட்டுப்படலாம், அதனால் வந்தவுடன் பக்க எண்களை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள், திருப்பி அனுப்பும் நாள் கடப்பதற்குள். தேடும்போது பஷ்தோ, புஷ்தோ, புக்தோ, பக்தோ என்று நான்கு எழுத்துக்கூட்டிலும் தேட வேண்டும். காந்தஹார்க்காரர் 'ஷ' என்று சொல்லும் எழுத்தை பெஷாவர்க்காரர் 'க' என்று சொல்வார், நூலகப் பட்டியல்களில் இரண்டும் கலந்து கிடக்கிறது. கட்டக் என்ற பெயருக்கும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டு உண்டு.

தேதிகளில் ஒரு கவனம். குறிப்புகள் ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய ஆண்டில் ஓடும். ஹிஜ்ரி எண்ணை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறக்குறைய நம் ஆண்டு வரும். குஷால் பிறந்த 1022க்கு 991ம் 622ம் சேர்த்து 1613. இறந்த 1100க்கு 1067ம் 622ம் சேர்த்து 1689. ஹிஜ்ரிக் கணக்கில் 78 வயது ஆகிறது, நம் கணக்கில் 75 முடிந்து 76 நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். சந்திர ஆண்டு 11 நாள் குறைவு என்பதால் வரும் வித்தியாசம் அது, அச்சுப்பிழை என்று திருத்தி வைக்க வேண்டாம்.

படிக்கும் வரிசை புத்தகத்தின் வரிசையாக இருக்கக் கூடாது. முன்னுரையிலும் ரஹ்மானிலும் தொடங்கினால் அறுபது எழுபது பக்கத்தில் சூஃபி கலைச்சொல் திகட்டி மூடி வைத்துவிடுவீர்கள். குஷாலின் வாழ்க்கைக் குறிப்பு, காற்றுக் கவிதை, வசந்தக் கவிதை, உடனே அஷ்ரஃப், அதன்பின் அப்துல் காதிர் என்று அந்த வீட்டை முடித்துக்கொண்டு அகமது ஷாவுக்குப் போகலாம். ரஹ்மானும் ஹமீதும் அதற்குப் பிறகு. முன்னுரை கடைசியில். காஸிம் கான் ஷைதாவையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சண்டை முடிந்துபோன தலைமுறை அவர், ஊரை விட்டு, வட இந்தியாவில் குடியேறிய பஷ்தூன்களான ரோஹில்லாக்களின் ராம்பூரில் போய் இருந்தவர். கொள்ளுத்தாத்தா குடிக்க மறுத்த இந்துஸ்தானத்துத் தண்ணீரைக் குடித்துக்கொண்டுதான் இவர் அகோராவை நினைத்து எழுதினார்.